முள்ளுக்கு அஞ்சாத சைக்கிள் டயர்

(வானொலி வேளாண் பகுதியில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



மாட்டுத் தீவனம், பயிர்ப் பாதுகாப்பு, பம்புசெட்டு என்று பல விஷயங்களை இந்தப் பகுதியில் கேட்டு வருகிறீர்கள். இன்றைக்குச் சைக்கிள் டயரைப் பற்றிப் பேசப் போகிறோம். “இதென்னங்க, இதுவும் ஒரு விவசாயச் சேதியா?” என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில் பால் கேனை மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவது எதில்? புல்லுக்கட்டைக் கேரியரில் வைத்துக் கொண்டுவருவது எதில்? பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை போவது எதில்? எல்லாம் சைக்கிளில்தான்.

அந்தச் சைக்கிள் நடு வழியில் ‘புஸ்’ஸென்று உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? சொசைட்டியில் பால் எடுக்கும் நேரம் தப்பிவிடும். அந்த வேளைக்குக் கறந்த பால் திரும்பி வரும். வெயிலில் நின்றால் திரிந்தும் போகும். ஒரு சின்ன முள், ஒரு வேளை வருமானத்தையே சாப்பிட்டுவிடுகிறது.

இப்போது மின்சார சைக்கிளும் கிராமத்துக்கு வந்துவிட்டது. நம் நாட்டுச் சட்டப்படி 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் உள்ள மின்சார சைக்கிள் மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவு எண்ணும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். வசதிதான். ஆனால் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து வண்டி கனமாக இருக்கும். பஞ்சரானால் தள்ளிக்கொண்டு போவதே பெரும்பாடு. ஆகவே சாதாரண சைக்கிள்காரரை விட மின்சார சைக்கிள்காரர் டயர் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

காற்று டயரைக் கொடுத்தவர் மாட்டு டாக்டர்

காற்றடித்த டயரைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்து புழக்கத்தில் விட்டவர் ஜான் பாய்ட் டன்லப். இவர் அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்தவர். தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கெட்டி ரப்பரில் கடகடவென்று ஓடுவதைப் பார்த்து, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றிக் கொடுத்தார். 1888-ல் அதற்கு உரிமைப் பட்டயமும் வாங்கினார்.

அந்தக் காலத்து டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பஞ்சரானால் பிரித்து ஒட்டிக் காய வைப்பது பெரிய வேலை. 1891-ல் பிரான்ஸ் நாட்டு மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரைக் கொண்டுவந்தார்கள். அப்புறம்தான் பஞ்சர் ஒட்டுவது சுலபமான வேலையாயிற்று. பஞ்சரே ஆகாத டயரை அன்று முதல் இன்று வரை தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நூற்றுக்கு நூறு பஞ்சர் ஆகாத காற்று டயர் கிடையாது. யாராவது “ஆயுசுக்கும் பஞ்சரே ஆகாதுங்க” என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். பஞ்சரைக் குறைக்கிற டயர் உண்டு. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

மாட்டுக்கு நோய் என்னவென்று தெரியாமல் மருந்து வாங்கமாட்டோம். அதுபோல, பஞ்சர் எதனால் ஆகிறது என்று தெரியாமல் டயர் வாங்கக்கூடாது. பஞ்சர் கடையில் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கும்போது பக்கத்தில் நின்று, ஓட்டை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

ஒன்று: டியூப்பின் வெளிப்பக்கம், அதாவது ரோட்டைப் பார்த்த பக்கத்தில், ஊசி குத்தியது போல ஒரே ஓட்டை இருந்தால் அது முள், ஆணி அல்லது பாட்டில் ஓடு.

இரண்டு: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல், பாம்பு கடித்த பல்தடம் மாதிரி இருந்தால் அது முள் அல்ல. காற்று குறைவாக இருக்கும்போது கல்லிலோ பள்ளத்திலோ சக்கரம் மோதி, டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து முள் தாங்கும் டயர் போட்டாலும் இந்தப் பஞ்சர் நிற்காது. காற்றைச் சரியாக அடிப்பதுதான் இதற்கு வைத்தியம்.

மூன்று: டியூப்பின் உள்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஸ்போக்ஸ் கம்பியின் முனை குத்தியிருக்கிறது. அல்லது ரிம்மின் மேல் சுற்றியிருக்கும் ரிம் டேப் விலகியிருக்கிறது, கிழிந்திருக்கிறது. கம்பி முனையை அரத்தால் ராவிவிட்டு, புது ரிம் டேப் போட்டால் தீர்ந்தது. செலவு கொஞ்சம்தான்.

நான்கு: வால்வு அடியிலேயே கிழிந்திருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டியதால் டயரும் டியூப்பும் ரிம்மின் மேல் நகர்ந்து வால்வை இழுத்திருக்கிறது. வால்வு நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலே இது வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். மின்சார சைக்கிளில் மோட்டார் வெடுக்கென்று இழுப்பதால் இது கூடுதலாக வரும்.

இந்த நான்கில் முதல் வகைக்கு மட்டும்தான் முள் தாங்கும் டயர் மருந்து. மற்ற மூன்றுக்கும் புது டயர் வாங்கினால் காசுதான் வீண்.

நம் பாதையில் எந்த முள்?

நம்மைப் படுத்துகிற முட்களில் முக்கியமானவை இரண்டு.

ஒன்று நெருஞ்சி. தரையோடு படர்ந்து மஞ்சள் பூப் பூக்கும். இதன் காய் முற்றியதும் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் முள் இருக்கும். எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒரு முள் மேல்நோக்கித்தான் நிற்கும். காலிலோ டயரிலோ ஏறிக்கொண்டு தூரத்துக்குப் போய் முளைக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. அமெரிக்காவிலும் இந்தச் செடி பரவிச் சைக்கிள்காரர்களை வாட்டுகிறது. அங்கே இதற்கு ‘ஆட்டுத்தலை’ என்று பேர். இரண்டு முள்ளும் ஆட்டுக் கொம்பு மாதிரி இருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள். நெருஞ்சி முள் கூரானதுதான், ஆனால் குட்டையானது. அரை சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும்.

இரண்டாவது சீமைக்கருவேல். வேலிக்காத்தான் என்றும் சொல்வீர்கள். இதன் முள் 5 சென்டிமீட்டர் வரைக்கும் நீளும். காய்ந்தால் ஆணி மாதிரி இறுகிவிடும். வேலிக்கும் விறகுக்கும் வெட்டி இழுத்துப் போகிற பாதையெல்லாம் இந்த முள் சிந்திக் கிடக்கும்.

இந்த இரண்டு முள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குட்டை முள்ளை டயரின் கனமே தடுத்துவிடும். நீள முள்ளைக் கனம் மட்டும் தடுக்காது. அது சாய்ந்து மாட்டினால் வளையும் அல்லது ஒடியும். செங்குத்தாக ஏறினால் நல்ல டயரையும் துளைத்துவிடும். நெருஞ்சி மட்டும் உள்ள ஊர்க்காரருக்கு நல்ல டயரால் பஞ்சர் ஏறக்குறைய நின்றே போகும். கருவேலங்காட்டு வழியில் போகிறவருக்குக் குறையும், அடியோடு நிற்காது.

இவை தவிர மாட்டு வண்டிப் பாதையில் லாட ஆணி, கடைத்தெருவில் பாட்டில் ஓடு. மழைக் காலத்தில் பஞ்சர் கூடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஈர ரப்பரில் கண்ணாடி ஓடு சுலபமாக வெட்டி இறங்கும். ஓடு ஈர டயரில் ஒட்டிக்கொண்டும் சுற்றும்.

டயருக்குள் என்ன இருக்கிறது?

டயரை வெறும் ரப்பர் என்று நினைக்கக்கூடாது. உள்ளே நைலான் நூல் துணி இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் ரிம்மைக் கவ்விப் பிடிக்கிற கம்பி வளையம் இருக்கிறது. ரோட்டில் படுகிற பாகத்தில் பட்டன் வைத்த கனமான ரப்பர். முள் தாங்கும் டயரில் இந்த பட்டனுக்கும் துணிக்கும் நடுவே இன்னொரு காப்புப் பட்டை வைத்திருப்பார்கள். அந்தப் பட்டை மூன்று விதமாக வருகிறது.

முதலாவது, நெருக்கமாக நெய்த நைலான் பட்டை. விலை குறைவு. பாட்டில் ஓடு, சின்னக் கல் இவற்றுக்குப் பரவாயில்லை. முள்ளுக்கு ஓரளவுதான்.

இரண்டாவது, கெவ்லார் போன்ற உறுதியான நூல் பட்டை. கெவ்லார் என்பது 1965-ல் அமெரிக்காவில் ஸ்டெஃபனி குவோலெக் என்ற பெண் விஞ்ஞானி கண்டுபிடித்த நூல் வகை. துப்பாக்கிக் குண்டு தாங்கும் சட்டையிலும் இதைப் போடுகிறார்கள். இது வெட்டுவதைத் தாங்கும். ஆனால் ஊசி முனை மாதிரியான முள், நூலை வெட்டாமல் நூலுக்கு நடுவே புகுந்து போய்விடலாம். சாக்குப் பையில் கோணி ஊசி நுழைவதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி.

மூன்றாவது, கனமான ரப்பர் பட்டை. முள் இதைக் கடந்து டியூப்பைத் தொட நீளம் போதாமல் நின்றுவிடும். ஜெர்மனியின் ஷ்வால்பே கம்பெனியின் ‘மாரத்தான் பிளஸ்’ என்ற டயரில் 5 மில்லிமீட்டர் கனத்துக்கு இப்படி ரப்பர்ப் பட்டை இருக்கிறது. முள்ளுக்கு இந்த வகைதான் சிறந்தது. ஆனால் கனம் அதிகம். பெரிய சக்கரத்துக்கான ஒரு டயரே ஒரு கிலோவை நெருங்கும். மிதிக்கவும் கொஞ்சம் பலம் வேண்டும். விலையும் அதிகம்.

இறக்குமதி டயர்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. நம் நாட்டுக் கம்பெனி டயர்களிலும் கனமான பட்டன் உள்ளவை, காப்புப் பட்டை உள்ளவை வருகின்றன. கடையில் நின்று கேளுங்கள்: “அண்ணே, இதுல உள்ளே காப்புப் பட்டை இருக்கா? துணியா, ரப்பரா?” பதில் சரியாக வராவிட்டால் டயரின் நடுப்பாகத்தை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டுச் சுவரை விட நடுப்பாகம் எத்தனை கனம் என்று கையிலேயே தெரியும்.

பட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டனுக்கு நடுவில் ஆழமான பள்ளம் இருந்தால் அந்தப் பள்ளத்தில் ரப்பர் மெல்லிசு. முள் அங்கேதான் இறங்கும். சேற்று வரப்பில் ஓட்டுகிறவருக்குப் பட்டன் வேண்டும். தார் ரோட்டிலும் காய்ந்த மண் பாதையிலும் ஓட்டுகிறவருக்கு நடுவில் தொடர்ச்சியாக ரப்பர் ஓடுகிற டயரே நல்லது. முள்ளும் குறைவாக ஏறும், உருளுவதும் சுலபம்.

அளவில் ஏமாறாதீர்கள்

டயரை அளவு மாற்றி வாங்கிவிட்டுக் கடைக்கும் வீட்டுக்கும் நடக்கிறவர்கள் பலர். சைக்கிள் டயரில் ஒரே அங்குலப் பெயரில் இரண்டு அளவு உண்டு. ஆகவே டயரின் பக்கவாட்டில் கோடு போட்டு எழுதியிருக்கிற இரண்டு எண்களைப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் உட்காருகிற இடத்தின் குறுக்களவு. இரண்டும் மில்லிமீட்டரில்.

நம்முடைய பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ டயர் 40-635. ஆனால் புது மாதிரி சைக்கிளில் 28 அங்குலம் என்றும் 700-சி என்றும் சொல்கிற டயருக்கு இரண்டாவது எண் 622. இரண்டுக்கும் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒன்றுக்கொன்று மாட்டவே மாட்டாது. அதே மாதிரி 26 × 1⅜ டயர் 590; அகல டயர் சைக்கிளின் 26 × 2.10 டயர் 559. 27.5 அங்குலம் என்பது 584. 29 அங்குலம் என்பதும் 622 தான்.

இரண்டாவது எண் உங்கள் பழைய டயரில் உள்ளதாகவே இருக்க வேண்டும். முதல் எண், அதாவது அகலம், கொஞ்சம் கூடலாம். கூடினால் நல்லதும்கூட, காற்று அதிகம் பிடிக்கும், மேடு பள்ளத்தில் மெத்தென்று போகும், நசுங்கும் பஞ்சரும் குறையும். ஆனால் மட்கார்டிலும் ஃபோர்க்கிலும் உரசாமல் இரண்டு பக்கமும் விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய டயரின் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவது எல்லாவற்றையும் விட நல்லது.

டயரை மாற்றாமல் செய்யக்கூடியவை

எல்லாரும் உடனே புது டயர் வாங்க முடியாது. அதற்கும் வழி இருக்கிறது.

டயருக்கும் டியூப்புக்கும் நடுவே வைக்கிற உள் பட்டை கடையில் கிடைக்கும். நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர்கள் பழைய டியூப்பை நீளமாக வெட்டி உள்ளே வைப்பார்கள். பழைய டயரின் ஓரக் கம்பியை நீக்கிவிட்டு நடுப்பாகத்தை வைப்பதும் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் வெட்டிய முனைகள் கூராக இருந்தால் அதுவே டியூப்பை உரசி ஓட்டை போடும். முனைகளை உப்புத்தாளால் மெல்லிசாகத் தேய்த்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறினாற்போல வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கனமான டியூப். வெளிப்பக்கம் மட்டும் கனம் கூடுதலாகச் செய்தவையும் உண்டு. பியூட்டைல் ரப்பர் டியூப்பாக இருந்தால் காற்று மெதுவாகத்தான் இறங்கும்.

அப்புறம் பஞ்சர் அடைக்கும் திரவம். டியூப்புக்குள் ஊற்றிவிட்டால், முள் குத்தினதும் இந்தத் திரவம் ஓட்டையில் புகுந்து அடைத்துக்கொள்ளும். நெருஞ்சி, கருவேல முள் மாதிரிச் சின்ன ஓட்டைக்கு நன்றாக வேலை செய்யும். கிழிசலுக்கும் பாம்புக்கடிப் பஞ்சருக்கும் உதவாது. சில மாதத்தில் இந்தத் திரவம் காய்ந்துவிடும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். அதனால் மறுபடி ஊற்ற வேண்டியிருக்கும். திரவம் ஊற்றிய டியூப்பில் ஒட்டுப் போடும்போது அந்த இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே சொல்யூஷன் தடவ வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டு நிற்காது.

கடைசியாகக் காற்றே இல்லாத கெட்டி டயர். வாடகைக்கு விடும் சைக்கிள்களில் சில இடங்களில் இதைப் போடுகிறார்கள். பஞ்சர் என்ற பேச்சே இல்லை. ஆனால் டன்லப் எதை ஒழிக்கப் பாடுபட்டாரோ அந்தக் கடகடப்பு திரும்பி வந்துவிடும். பாரம் ஏற்றினால் அதிர்ச்சி முழுவதும் ரிம்முக்கும் ஸ்போக்ஸ் கம்பிக்கும் நம் முதுகெலும்புக்கும் போகும். மிதிப்பதும் கடினம். பால் கேனும் மூட்டையும் ஏற்றுகிற சைக்கிளுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

மின்சார சைக்கிளுக்குத் தனிக் கவனம்

மின்சார சைக்கிளில் பெரும்பாலும் பின் சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருக்கும். சாதாரணச் சக்கரம் போலச் சட்டென்று கழற்ற முடியாது. ஒயர் இணைப்பைப் பிரிக்க வேண்டும், நட்டு இறுக்கமாக இருக்கும், வாஷரை இருந்த வரிசையிலேயே திரும்பப் போட வேண்டும். ஆகவே பின் சக்கரத்துக்கு முள் தாங்கும் டயர் போடுவது இங்கே மிகவும் அவசியம். கனம் கூடுகிறதே என்று இங்கே கவலைப்பட வேண்டாம். மிதிப்பதில் பாதி வேலையை மோட்டார் பார்த்துக்கொள்ளும். பேட்டரி ஓடும் தூரம் கொஞ்சம் குறையலாம். ஆனால் காற்று இறங்கிய டயரில் ஓட்டினால் அதை விட அதிகம் குறையும்.

டயரில் எழுதியிருக்கும் பாரத் தாங்குதிறனையும் பாருங்கள். வண்டியின் எடை, உங்கள் எடை, சுமை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தில்தான் விழும். வெளிநாட்டு டயர் சிலவற்றில் ஈ-25, ஈ-50 என்று அடையாளம் இருக்கும். 25 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் வேகம் வரை போகும் மின்சார சைக்கிளுக்கு ஏற்றது என்று பொருள். நம் வண்டிக்கு ஈ-25 போதும்.

பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றாமலே வேலையை முடிக்கலாம். முதலில் சாவியைத் திருப்பிப் பேட்டரியை நிறுத்திவிடுங்கள். முள் எங்கே இருக்கிறது என்று டயரில் தேடி அடையாளம் வையுங்கள். ஒரு பக்கத்து டயர் ஓரத்தை மட்டும் லிவரால் நெம்பி, அந்த இடத்து டியூப்பை மட்டும் வெளியே இழுத்து ஒட்டுப் போட்டு உள்ளே தள்ளிவிடலாம். இதை ஒரு தடவை மெக்கானிக்கிடம் பார்த்துப் பழகிக்கொண்டால் வழியில் தவிக்க வேண்டியதில்லை. காற்று இறங்கிய வண்டியை “மோட்டார்தானே இழுக்குது” என்று ஓட்டிக்கொண்டே வந்தால் டியூப்பும் போகும், டயரும் போகும், ரிம்மும் வளைந்துபோகும்.

லாபமா, நஷ்டமா?

பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். உங்களுக்கு மாதம் இரண்டு முள் பஞ்சர் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 24. ஒட்டுக்கு 40 ரூபாய் என்றால் 960 ரூபாய். நல்ல டயருக்கு 600 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். பஞ்சர் வருஷத்துக்கு 6 ஆகக் குறைகிறது. அதற்கு 240 ரூபாய். மிச்சம் 720. முதல் வருஷத்திலேயே கூடுதல் விலை 600 திரும்பி வந்து 120 ரூபாய் கையில் நிற்கும். அடுத்த வருஷம் 720 ரூபாயும் உங்களுக்கே. சொசைட்டி நேரம் தப்பாமல் போன பாலின் காசு இதில் சேரவில்லை.

ஆனால் வருஷத்துக்கு நாலே பஞ்சர் ஆகிறவர் 160 ரூபாய்க்காக 600 ரூபாய் செலவழிக்க வேண்டாம். உள் பட்டையும் சரியான காற்றுமே அவருக்குப் போதும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். காலண்டரில் பஞ்சர் ஆன தேதியைக் குறித்து வந்தால் மூன்று மாதத்தில் விடை தெரிந்துவிடும்.

ஒரு டயர் வாங்கத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் பின் சக்கரத்துக்குப் போடுங்கள். பாரமும் அங்கேதான், பஞ்சரும் அங்கேதான் அதிகம். படுத்துக் கிடக்கிற முள்ளையும் ஆணியையும் முன் சக்கரம் நிமிர்த்திவிடும், பின் சக்கரம் வாங்கிக்கொள்ளும். அதற்காகத் தேய்ந்து வெடித்த டயரை முன் சக்கரத்தில் போட்டுவிடாதீர்கள். ஓடும்போது முன் டயர் போனால் ஆளையே கவிழ்த்துவிடும்.

போட்ட டயரைக் காப்பது

வாரம் ஒரு நாள் காற்றைப் பாருங்கள். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே பி.எஸ்.ஐ. கணக்கில் எழுதியிருக்கும். பாரம் ஏற்றுகிற நாளில் பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, எழுதியிருக்கும் அளவைத் தாண்டாமல் அடியுங்கள். பெட்ரோல் பங்கில் லாரிக்கு அடிக்கிற காற்றைச் சைக்கிளுக்குப் பிடிக்கும்போது ஜாக்கிரதை. சைக்கிள் டியூப் சின்னது, கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பி வெடித்துவிடும்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, டயரில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முள் ஏறின உடனே எல்லாம் டியூப்பைத் தொடுவதில்லை. ஓட ஓட அமுங்கித்தான் உள்ளே போகும். இன்றைக்குப் பிடுங்கின முள் நாளைய பஞ்சரைத் தடுக்கும். ஒட்டுப் போடும்போது டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் விரலை விட்டால் விரலில் ஏறும். பழைய முள்ளின் முனை ஒடிந்து உள்ளேயே இருந்தால் மறுநாளும் அதே இடத்தில்தான் பஞ்சர். “நேத்துதானே ஒட்டினேன்” என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

நம் பழைய சைக்கிளில் வால்வு டியூப் நைந்துபோனாலும் காற்று இறங்கும். பஞ்சர் என்று நினைத்து டயரைப் பிரிக்கும் முன்னே வால்வில் எச்சில் தொட்டு வைத்து, முட்டை விடுகிறதா என்று பாருங்கள். சைக்கிளை வெயிலில் நாளெல்லாம் நிறுத்தாதீர்கள். மண்ணெண்ணெயும் கிரீசும் டயரில் படவிடாதீர்கள். ரப்பர் கெட்டுப்போகும்.

இன்னொன்று ஊரோடு சேர்ந்து செய்ய வேண்டியது. நெருஞ்சியைப் பூவிலேயே பிடுங்கிவிடுங்கள். காய் முற்றி உதிர்ந்தால் விதை வருஷக்கணக்கில் மண்ணில் கிடந்து முளைக்கும். கருவேல் வெட்டுகிறவர்கள் கிளையைப் பாதையில் இழுத்துப் போடாமல் ஓரமாகக் குவித்து, முடிந்ததும் பாதையை ஒரு தரம் கூட்டிவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேர் நேரத்துக்குப் போய்ச் சேருவார்கள்! எந்த விலை டயரும் செய்யாத வேலையை ஒரு விளக்குமாறு செய்துவிடும்.

ஆகவே, விவசாயப் பெருமக்களே, நான்கு காரியத்தை நினைவில் வையுங்கள். ஓட்டையைப் பார்த்துக் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். முள்தான் காரணம் என்றால் ரப்பர்க் காப்புப் பட்டை உள்ள டயரை, சரியான எண் பார்த்து, முதலில் பின் சக்கரத்துக்கு வாங்குங்கள். வாரம் ஒரு முறை காற்று அடியுங்கள். சாயங்காலம் முள்ளைப் பிடுங்குங்கள். இவ்வளவும் செய்தால் நேரத்துக்குப் பால் போய்ச் சேரும், பிள்ளை பள்ளிக்கூடம் போய்ச் சேரும்.